சகலை கொடுத்த டவல் ஹீட்டர்

இதில் ஒரு சொட்டுக் கலப்படம் கிடையாது. மணவாளநல்லூர் கொளஞ்சியப்பர் மேல் ஆணை. நம்பாதவர்கள் அந்தச் சன்னதிக்கே போய் வெள்ளைத் தாளில் பிராது எழுதிக் கட்டிவிட்டு வரட்டும். அந்தச் சாமியிடம் வாய்தா வாங்கவும் முடியாது, வக்கீல் வைக்கவும் முடியாது. அப்படிப்பட்டவர் பெயரைச் சொல்லிவிட்டு யாராவது புளுகுவார்களா?

அந்தச் சாமியின் பெயரையே சுமந்த கொளஞ்சிக்கு உலகத்தில் ஒரே ஒரு பதவிதான் இருந்தது. தவளக்குப்பம் வாழைக்காய் மண்டியில் விடியற்காலையில் தார் எண்ணி ஏலம் விடுவது வேலை. வேலை வேறு, பதவி வேறு. பதவி நெல்லித்தோப்பில், சொந்த வீட்டில், குளியலறைக் கதவுக்கு வெளியே.

கல்யாணமான புதிதில் ஒருநாள் அவர் மனைவி சுமலதா துண்டை மறந்துவிட்டுக் குளிக்கப் போனாள். கூப்பிட்டாள். கொளஞ்சி மாடிக் கொடியில் கிடந்ததை உருவிக்கொண்டு ஓடிவந்து கதவிடுக்கில் நீட்டினார். சித்திரை வெயிலில் காய்ந்த துண்டு.

"அடேங்கப்பா! இப்பதான் பேக்கரியிலேர்ந்து எடுத்த ரொட்டி மாரி இருக்குதுங்க!" என்று உள்ளேயிருந்து ஒரு குரல் வந்தது.

அந்தக் குரலில் விழுந்த மனுஷன் அதற்கப்புறம் எழுந்திருக்கவே இல்லை. மறுநாள் அவள் துண்டை மறக்கவில்லை. இவர்தான் எடுத்து ஒளித்து வைத்தார். அதற்கு மறுநாள் அவளாகவே மறந்தமாதிரி போனாள். அப்படியே அது வழக்கமாயிற்று. மண்டி முடிந்து ஸ்கூட்டரில் கடலூர் ரோட்டைப் பிடித்து வீட்டுக்கு வருவார். சுமலதா ஸ்கேன் சென்டரில் வரவேற்பு மேஜை பார்க்கிறவள். வேலைக்குக் கிளம்பும் முன் குளிக்கப் போவாள். "ஏங்க, துண்டு!" என்ற சத்தம் வரும். மாடிப்படியில் தடதடவென்று இறங்குவார்.

அக்கினி நட்சத்திரத்தில் அந்தத் துண்டைக் கையால் தொட முடியாது. இடுக்கியால் பிடித்துக்கொண்டு வருவார். வருகிற வழியில் சுமலதாவின் அம்மா அதில் நாலு அப்பளம் சுருட்டி வைத்து, கீழே வந்ததும் பொரிந்த அப்பளமாக எடுத்துக்கொள்வது உண்டு. கார்த்திகை மழையில் பாண்டிச்சேரியில் வெயில் என்ற சரக்கே வராது. அப்போது இட்லிக் குண்டான் மூடிமேல் துண்டை மடித்து வைத்துச் சூடேற்றுவார். ஒரு கார்த்திகை முழுக்க சுமலதா இட்லி மணத்தோடு வேலைக்குப் போனதில், வெறும் வயிற்றோடு ஸ்கேனுக்கு வந்து உட்கார்ந்திருந்தவர்களில் பாதிப் பேர் எழுந்து எதிர் ஓட்டலுக்குப் போய்விட்டார்கள். ஓட்டல்காரர் அவளுக்குப் பொங்கல் இனாம் கொடுத்தனுப்பினார்.

இப்படிச் சொர்க்கமாகப் போய்க்கொண்டிருந்த இடத்தில்தான் சகலை வந்து சேர்ந்தான்.

சகலை நெடுமாறன், சுமலதாவின் தங்கை நிர்மலாவின் புருஷன். தாத்தா பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்த வகையில் குடும்பமே பிரெஞ்சுக் குடியுரிமைக்காரர்கள். இருப்பது பிரான்சில். பொங்கலுக்கு வரும்போதெல்லாம் கொளஞ்சியின் வயிற்றில் கொள்ளி வைக்கிறமாதிரி ஏதாவது ஒன்று கொண்டுவருவான். போன தடவை காப்பி போடும் மெஷின். அதன் பிறகு சுமலதா கொளஞ்சி போட்ட காப்பியைக் குடித்துவிட்டு ஒரு கணம் யோசிப்பாள். அந்த ஒரு கணத்தை அவர் மன்னிக்கவே இல்லை.

இந்தத் தடவை நெடுமாறன் இறக்கியது ஆளுயரப் பெட்டி.

"இன்னா தம்பி இது, ஏணியா?" என்றாள் சுமலதா.

"செஷ் செர்வியெத், அண்ணி. துண்டு சூடு பண்ற மெஷினு. நம்ம ஊர்ல டவல் ஹீட்டர்னு சொல்லுவாங்க. அங்க எல்லா வீட்டு பாத்ரூம்லயும் இருக்கும். செவுத்துல மாட்டிட்டா போதும். குளிச்சி முடிச்சதும் சுடச்சுட துண்டு. யாரையும் கூப்புட வேணாம்."

*யாரையும் கூப்பிட வேண்டாம்.* நெடுமாறன் பிரான்சுக்குத் திரும்பிப் போய்விட்டான்; அந்த வார்த்தை மட்டும் விமானம் ஏறவில்லை. கொளஞ்சியின் நெஞ்சிலேயே தங்கிவிட்டது. மண்டியில் வாழைக்காய்த் தார்கள் வழக்கமாகப் புகைமூட்டம் போட்டால்தான் பழுக்கும். அந்த வாரம் கொளஞ்சி பக்கத்தில் உட்கார்ந்திருந்த தார்கள் எல்லாம் அவர் விட்ட மூச்சிலேயே பழுத்துவிட்டன. வியாபாரிகள் ஆளாளுக்கு அவரைத் தங்கள் தார் பக்கத்தில் வந்து உட்காரச் சொல்லிக் கெஞ்சினார்கள்.

"எப்பங்க மாட்டப் போறோம்? எலக்ட்ரீஷியன வரச் சொல்லுங்க" என்றாள் சுமலதா.

வேண்டாம் என்று சொல்ல வாய் வரவில்லை. ஒரு ஆண்பிள்ளை இன்னொரு ஆண்பிள்ளையைப் பார்த்துப் பொறாமைப்பட்டால் ஊர் ஒத்துக்கொள்ளும். இரும்புக் கம்பியைப் பார்த்துப் பொறாமைப்படுகிறேன் என்று எந்த வாயால் சொல்வது? ஆகவே கொளஞ்சி பாதுகாப்பைப் பிடித்துக்கொண்டார்.

"பாத்ரூம்ல கரண்டு இழுக்கறது வெளையாட்டு இல்ல, சுமலதா. ஈரத் தரை, ஈரக் கை. எனக்கு மெஷினு முக்கியம் இல்ல. உன் உசிரு முக்கியம்."

எப்படியும் முடியாது என்றுதான் எலக்ட்ரீஷியன் சொல்வான் என்று அவர் கணக்கு. வந்தவன் செல்வகுமார், நெல்லித்தோப்பில் பாதி வீட்டுக்கு ஒயர் இழுத்தவன். குளியலறையை எட்டிப் பார்த்துவிட்டு, "பண்ணிடலாம்ணே, கீசர் மாரிதான்" என்றான்.

"மாரிதான்னா? அப்பிடி லேசா சொல்லிட்டா எப்பிடி? எர்த்து?"

"வீட்டுல பழைய எர்த்து இருக்குதேண்ணே."

"பழசு ஆவாது. புதுசு போடு. தனி லைன் இழு. உள்ள பிளக் பாயிண்ட் கூடாது, நேரா ஒயர் குடுக்கணும். சுவிச்சு வெளியில இருக்கணும். கரண்டு நூலளவு கசிஞ்சாலும் தானா விழற பிரேக்கர் வேணும், முப்பது மில்லி ஆம்பியர்ல."

செல்வகுமார் வாயைப் பிளந்தான். கொளஞ்சி அத்தனையையும் மண்டியில் உட்கார்ந்து போனில் படித்திருந்தார். ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டே போனால் எங்காவது ஓரிடத்தில் இந்தப் பயல் கையை விரித்துவிடுவான் என்று நம்பிக்கை.

அவன் விரிக்கவில்லை. எர்த்துக்குப் பள்ளம் தோண்டினார்கள். கரியும் உப்பும் போட்டுக் குழாய் இறக்க வேண்டும். போதாது, இன்னும் தோண்டு, போதாது, இன்னும் தோண்டு என்று கொளஞ்சி மேலே நின்று விரட்டியதில், குழாயில் காதை வைத்தால் வைத்திக்குப்பத்துக் கடல் அலை கேட்கிற ஆழத்துக்குப் போய்விட்டது. அந்த எர்த்தின் சுத்தம் எப்படி என்றால், அடுத்த மழைக்கு நெல்லித்தோப்பில் விழ வேண்டிய இடியெல்லாம் மற்ற வீடுகளை விட்டுவிட்டு இவர் வாசலில் ஒன்றன்பின் ஒன்றாக வரிசையில் நின்று இறங்கிப் போயிற்று. ஒன்றுகூட முண்டியடிக்கவில்லை.

பிரேக்கரும் மாட்டியாயிற்று. அது அதைவிட மோசம். கரண்டு வழிதவறித் துளி கசிந்தாலும் விழ வேண்டியதுதான் அதன் வேலை. ஆனால் இது எறும்பு ஈரக்காலோடு சுவிச்சுப் பெட்டிமேல் நடந்தால் விழுந்தது. அடுத்த தெருவில் யாரோ ஈரக் கையால் மிக்சியைத் தொட்டபோது இங்கே விழுந்தது. செல்வகுமார் அதற்கு ஒரு கும்பிடு போட்டான்.

"இன்னும் இன்னாணே?"

"தண்ணி தெறிக்கிற தூரம்" என்றார் கொளஞ்சி.

இதில்தான் எல்லாவற்றையும் மடக்கிவிடலாம் என்று அவர் வைத்திருந்தார். மெஷினோடு வந்த புத்தகத்தில் குளியல் தொட்டியின் விளிம்பிலிருந்து இரண்டடி தள்ளி மாட்டச் சொல்லியிருந்தது. தொட்டியில் படுத்துக் குளிக்கிறவர்களுக்கு எழுதிய புத்தகம். இங்கே தொட்டி ஏது? வாளியும் மக்கும்தான். மக்கால் மொண்டு ஊற்றுகிற தண்ணீருக்கு எது விளிம்பு?

"அளந்துதான் பாக்கணும். நான் குளிக்கிறேன். செவுரு பூரா கோலமாவு தடவு. எங்கெங்க நனையுதோ அங்கெல்லாம் மாட்டக் கூடாது."

செல்வகுமார் நாலு சுவரிலும் கோலமாவைப் பூசினான். கொளஞ்சி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்தினார். அப்புறம் அங்கே நடந்ததற்குக் குளியல் என்று பெயர் வைக்க முடியாது. முதல் மக்கு இடது சுவருக்கு, இரண்டாவது வலது சுவருக்கு, மூன்றாவது கூரைக்கு. வென்டிலேட்டர் வழியாகப் போன தண்ணீரில் பக்கத்து வீட்டு மாடியில் காயவைத்திருந்த வற்றல் மிளகாய் திரும்பவும் பச்சை மிளகாய் ஆகிவிட்டது. கதவுக்கு அடியில் புரண்டு வந்த வெள்ளம் கூடத்தைத் தாண்டித் தெருவில் இறங்கியது.

"அண்ணே, குளிக்கிறீங்களா, தீ அணைக்கிறீங்களா?" என்று செல்வகுமார் வெளியிலிருந்து கத்தினான்.

கொளஞ்சி சொட்டச் சொட்ட வெளியே வந்தார். சுவரில் ஒரு பொட்டு மாவு இல்லை. "பாத்தியா? மாட்ட எடமே இல்ல. இன்னா பண்றது, நமக்குக் குடுத்து வெக்கல. சகலைக்கு போன் பண்ணி எடுத்துட்டுப் போவச் சொல்லிடலாம்." முகத்தைச் சோகமாக வைத்துக்கொள்ள அவர் பட்ட பாடு அவருக்குத்தான் தெரியும்.

சுமலதா இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள். "இது செல்லாது. இந்த வீட்டுல யாரு இப்பிடிக் குளிக்கிறாங்க? யானையா? மெஷினு யாருக்கு? எனக்குத்தான? நான் குளிச்சிட்டு வரேன், அத வெச்சி அளங்க. தம்பி, மறுபடியும் மாவு பூசு."

அவள் தினமும் குளிக்கிறமாதிரி குளித்துவிட்டு வந்தாள். நாலு சுவரையும் கொளஞ்சி கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தார். மூன்று சுவர் நனைந்திருந்தது. கதவை ஒட்டிய சுவரில் மட்டும் தோளுக்கு மேலே மாவு போட்டது போட்டபடி, ஒரு புள்ளி ஈரமில்லாமல், அவரைப் பார்த்துச் சிரித்தது. அங்கே மாட்டலாம் என்றான் செல்வகுமார். கொளஞ்சிக்குச் சோறு இறங்கவில்லை.

மாட்டுகிற நாளும் வந்தது. பெட்டியைப் பிரித்தார்கள். வெள்ளைக் குழாய்களை அடுக்கி வைத்த ஏணி போல பளபளவென்று இருந்தது. சுமலதா தடவிப் பார்த்து, "வழவழன்னு இருக்குதுங்க" என்றாள். கொளஞ்சி தன் உள்ளங்கையைத் தானே ஒருதரம் தடவிப் பார்த்துக்கொண்டார். தார்க் காம்பு கீறிக் கீறிக் காய்ப்புக் காய்ச்சிப்போன கை.

செல்வகுமார் ஒயரை எடுத்தான். மூன்று இருக்க வேண்டிய இடத்தில் நாலு இருந்தது: மஞ்சள் கோடு போட்ட பச்சை, பழுப்பு, சாம்பல், கறுப்பு.

"பச்ச எர்த்து. பழுப்பு கரண்டு. கறுப்பு நியூட்ரல். நம்ம ஊர்ல அதான. சாம்பல்தான் எதுக்குன்னு தெரில, அத வுட்டுடுவோம்" என்று சொல்லிக்கொண்டே கறுப்பு ஒயரின் முனையைச் சீவப் போனான்.

கொளஞ்சிக்கு அந்தக் கறுப்பு ஒயரைப் பெட்டியிலிருந்து வெளியே வந்தபோதே பிடிக்கவில்லை. மற்ற மூன்றும் வேலைக்கு வந்தவை மாதிரி இருந்தன. இது மட்டும் விருந்துக்கு வந்த சகலை மாதிரி தனியாக வளைந்து நின்றது.

"டேய், கைய எடு! அதுல கை வெக்காத. மூணு ஒயர் வேல செய்யற எடத்துல நாலாவது எதுக்கு வந்துது? யாரு அனுப்பி வந்துது? அவனையே கேப்போம்."

வீடியோ கால் போட்டார். திரையில் நெடுமாறன் கம்பளிக் குல்லாவோடு வந்தான். அவனுக்குப் பின்னால் சுவரில் இதே ஏணி, அதில் ஒரு சிவப்புத் துண்டு. அதையும் கொளஞ்சி குறித்துக்கொண்டார்.

"சகலை, கறுப்புல கரண்டோ நியூட்ரலோ குடுத்துடாதீங்க!" என்று அவன் அலறினான். "இங்க சாம்பல்தான் நியூட்ரல். கறுப்பு பைலட் ஒயரு. எர்த்துலயும் சேக்கக் கூடாது. வேற ஒரு எடத்துலேர்ந்து மெஷினுக்கு உத்தரவு போடறதுக்குன்னு வெச்சிருக்காங்க. இப்ப சூடு ஏத்து, இப்ப கொறன்னு சொல்றதுக்கு."

செல்வகுமாருக்கு முகம் வெளுத்துவிட்டது. "சரியாத்தான் சொல்றாரு. நான் மாத்திக் குடுத்திருந்தா மெஷினு போயிருக்கும். போனது மெஷினோட நின்னிருக்குமான்னும் தெரியாது. நல்ல வேள தடுத்தீங்கண்ணே!" என்று கொளஞ்சியின் கையைப் பிடித்தான்.

கொளஞ்சி காதில் அது விழவே இல்லை. அவர் காதில் விழுந்தது ஒன்றே ஒன்று. "வேற எடத்துலேர்ந்தா? எந்த எடத்துலேர்ந்து?"

"எங்கேர்ந்து வேணும்னாலும்தான் சகலை."

"பிரான்சுலேர்ந்து கூடவா?"

நெடுமாறன் சிரித்தான். "அதுக்குக் கடலடியில ஒயரு இழுக்கணும்."

அவன் கிண்டலுக்குச் சொன்னான். கொளஞ்சி அந்தக் கடலையே மனசுக்குள் பார்த்தார். தன் பெண்டாட்டியின் துண்டுக்கு எவனோ குல்லா போட்டுக்கொண்டு அங்கிருந்து சூடு ஏற்றுவதும் இறக்குவதுமாக ஒரு காட்சி கண்முன் ஓடியது. போனை வைத்தார். கறுப்பு ஒயரின் முனையைத் தனியாக மூடச் சொன்னார். செல்வகுமார் மூடி போட்டு டேப் சுற்றினான். இன்னும் சுற்று என்றார். சுற்றினான். வாங்கிவைத்திருந்த டேப் தீர்ந்து, கடைக்குப் போய் இன்னொன்று வாங்கிவந்து சுற்றி, முனை பலாக்கொட்டை அளவுக்கு ஆன பிறகுதான் மனுஷன் மூச்சு விட்டார்.

சுமலதா அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். எத்தனை வருஷம் குடித்தனம் நடத்தியவள்.

"ஏங்க, உண்மையச் சொல்லுங்க. இந்த இரும்பு மேல பொறாமையா உங்களுக்கு?"

"எனக்கா? பொறாமையா? ஒயரு சரியா இருக்குதான்னு பாத்தேன்."

அவர் வாயை மூடியதும் பிரேக்கர் டப்பென்று விழுந்தது. எறும்பு இல்லை, ஈரம் இல்லை. செல்வகுமார் தூக்கிவிட்டான். "நெசமாத்தான் சொல்றேன்" என்றார் கொளஞ்சி. மறுபடியும் விழுந்தது.

"சரி, நீங்க பேசாதீங்க, வேல முடியட்டும்" என்றாள் சுமலதா.

வேலை முடிந்தது. மெஷின் கதவை ஒட்டிய சுவரில் உயரத்தில் ஏறி உட்கார்ந்தது. சுவிச்சு வெளியே கூடத்துச் சுவரில். செல்வகுமார் டெஸ்ட் லாம்ப் வைத்துப் பார்த்தான், பிரேக்கரின் சோதனைப் பொத்தானை அமுக்கி விழுகிறதா என்று பார்த்தான், குறை சொல்ல ஒன்றுமே இல்லை. பாண்டிச்சேரியிலேயே அதைவிடப் பத்திரமான குளியலறை இல்லை. கொளஞ்சி தன் பதவிக்குத் தானே சமாதி கட்டி வெள்ளையும் அடித்தமாதிரி நின்றார்.

கிளம்புகிற நேரத்தில் செல்வகுமார் சுமலதாவிடம் சொன்னான். "அக்கா, ஒண்ணு மட்டும் ஞாபகம் வெச்சிக்கோங்க. நீங்க தண்ணி ஊத்திக்கிற எடத்துலேர்ந்து இது கைக்கு எட்டாது. எட்டக் கூடாதுன்னுதான் இங்க மாட்டினோம். ஈரக் காலோட வந்து ஈரக் கையால தொடாதீங்க. சுவிச்சும் வெளியில இருக்குது. அதனால யாராச்சும் வெளியில ஒரு ஆளு நின்னு, மொதல்ல சுவிச்ச அணைச்சிட்டு, காஞ்ச கையால துண்ட உருவிக் குடுத்துட்டா நல்லது."

கொளஞ்சி நிமிர்ந்து நின்றார்.

"யாராச்சும்னா?" என்றாள் சுமலதா, சிரிப்பை அடக்கிக்கொண்டு.

"பொறுப்பான ஆளா இருக்கணும்க்கா."

மறுநாள் மண்டியில் கொளஞ்சி பக்கத்தில் வைத்த காய் ஒன்றுகூடப் பழுக்கவில்லை. ஏலத்தைப் பாதியில் கூட்டாளியிடம் விட்டுவிட்டு வந்து, சுவிச்சைப் போட்டு, துண்டு மாட்டி, கதவுக்கு வெளியே நின்றார். கை இரண்டையும் வேட்டியில் துடைத்தார். காய்ந்திருக்கிறதா என்று பார்த்தார். மறுபடியும் துடைத்தார். உள்ளே தண்ணீர்ச் சத்தம் நின்றது. ஒருவேளை கூப்பிடாமலே எடுத்துக்கொண்டுவிடுவாளோ என்று நெஞ்சு அடித்துக்கொண்ட சத்தத்தில் காலண்டர் ஆடியது.

"ஏங்க! தூங்கிட்டீங்களா? குளுருதுங்க, துண்டக் குடுங்க!"

"தோ வந்துட்டேன்!" சுவிச்சை அணைத்தார். கதவிடுக்கில் கையை விட்டார். துண்டை உருவி நீட்டினார். அவள் வாங்கிக்கொண்டாள். கையையும் ஒரு கணம் சேர்த்தே பிடித்தாள்.

"சூடு எப்பிடி?" என்றார். "மாடி வெயிலு அளவுக்கு இருக்குதா?"

"அந்த அளவுக்கு எங்கங்க?" என்றாள் உள்ளேயிருந்து.

பிரேக்கர் விழவில்லை.

சாமி மேல் ஆணையிட்டுவிட்டதால் இதையும் சொல்லிவிட வேண்டும்: நெடுமாறன் கொண்டுவந்த அந்த டவல் ஹீட்டர் பெட்டி, மேலே ஒட்டிய டேப்கூட உரிக்கப்படாமல், இன்றைக்கும் சுமலதா வீட்டுப் பரணில் இருக்கிறது.